நேபாளம் + பூட்டான்: பத்து நாள் சுற்றுலாவில் சொல்லப்படாத வரலாறு

'நேபாளம் – பூட்டான் கலாசாரச் சுற்றுலா, 10 நாட்கள்.' வடக்கே ஆள் கூட்டிப் போகும் எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்தாலும் இப்படி ஒரு பேக்கேஜ் இருக்கும். வரிசைகூட ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நான்கைந்து நாள் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர். பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணம். அப்புறம் பாரோ, திம்பு, புனாகா. கடைசி நாள் புலிக்கூடு மடாலயத்துக்கு மலையேற்றம். கைடு, ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்.

போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் 'இரண்டுமே இமயமலை நாடு, இரண்டிலும் புத்தர், இரண்டிலும் கொடிகள் பறக்கின்றன' என்று முடித்துவிடுகிறார்கள். வரலாறு படிக்கிற மாணவனுக்கு அது போதாது. இந்த இரண்டு நாடுகளையும் ஒரே டிக்கெட்டில் கட்டிப்போடுவது மலை மட்டும்தானா? இல்லை நண்பர்களே. இரண்டுக்கும் இடையே நானூறு வருஷத்துக்குக் குறையாத உறவு இருக்கிறது. அதில் அழகான பாதியைக் கைடு சொல்வார். மற்ற பாதியையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பக்கத்து நாடுகள், ஆனால் எல்லை கிடையாது

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நேபாளமும் பூட்டானும் ஒன்றையொன்று தொடவே இல்லை! நடுவில் சிக்கிமும் டார்ஜிலிங்கும் இருக்கின்றன, இரண்டுமே இந்தியா. தரை வழியாகப் போகிறவர் நேபாளத்தின் காக்கர்பிட்டாவில் மேச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சிலிகுரி வழியாக வந்து, புன்ட்ஷோலிங்கில் பூட்டானுக்குள் நுழைய வேண்டும்.

சிக்கிம் 1975 வரை தனி அரசாக இருந்தது, அதற்கும் ஒரு மன்னர் இருந்தார். அந்த வருஷம் மே 16 அன்று அது இந்தியாவின் 22வது மாநிலம் ஆனது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காத்மாண்டு: மூன்று ராஜாக்களின் போட்டி

சுற்றுலாவின் முதல் பாதியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நேவார் மக்களின் கைவேலை. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் மூன்றும் மல்ல மன்னர்கள் காலத்தில் தனித்தனி அரசுகள். சண்டை போட்டதைவிடக் கோயில் கட்டிப் போட்டி போட்டதுதான் இன்று நிலைத்து நிற்கிறது. பாட்டனில் சித்தி நரசிம்ம மல்லர் 1637ல் கல்லாலேயே கிருஷ்ணன் கோயில் எழுப்பினார். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702ல் ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலைக் கட்டினார். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். காத்மாண்டுவின் காஷ்டமண்டபம் விழுந்தது, ஆனால் நியாதபோலா நின்றது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? திபெத் வியாபாரம். திபெத்தில் புழங்கிய வெள்ளி நாணயங்களை மல்ல மன்னர்கள் அச்சடித்துக் கொடுத்தார்கள். சரக்கோடு நேவார் சிற்பிகளும் தட்டார்களும் மலை தாண்டிப் போனார்கள். அவர்களில் அரனிகோ என்ற கலைஞர் 13ஆம் நூற்றாண்டில் சீனா வரை போய், இன்றைய பெய்ஜிங்கில் வெள்ளை ஸ்தூபியைக் கட்டினார்.

பூட்டானுக்குப் போன மூன்று விஷயங்கள்

முதலில் போனது ஒரு குரு. பத்மசம்பவர் காத்மாண்டுக்குத் தெற்கே பார்பிங் என்ற ஊரின் குகையில் தவம் செய்தார் என்றும், 8ஆம் நூற்றாண்டில் பெண் புலி மேல் பறந்து பாரோவின் மலை முகட்டில் இறங்கினார் என்றும் பௌத்த மரபு சொல்கிறது. அந்த இடம்தான் தக்சங், அதாவது புலிக்கூடு. அங்கே மடாலயம் கட்டியது 1692ல். 1998ல் தீயில் எரிந்து, 2005ல் மறுபடி எழுந்தது. சுற்றுலாவின் முதல் நாளில் பார்பிங்கும் கடைசி நாளில் தக்சங்கும் பார்த்தால் ஒரே கதையின் இரண்டு முனைகளைப் பார்த்ததாகிவிடும்.

இரண்டாவது, வெள்ளி வேலை. இன்றைய பூட்டானை ஒரே நாடாகச் சேர்த்தவர் சப்த்ருங் நவாங் நம்கியால். திபெத்தில் மடத்துப் பதவித் தகராறில் தோற்று 1616ல் பூட்டானுக்கு வந்தவர். 'சோங்' என்கிற கோட்டை மடங்களைக் கட்டியவரும் அவரே. சிம்தோகா 1629, புனாகா 1637. தன் தந்தையின் அஸ்தியை வைக்க ஒரு வெள்ளி ஸ்தூபி செய்ய நினைத்தபோது, 1620 வாக்கில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து நேவார் கைவினைஞர்களை வரவழைத்தார். நேபாளத்திலிருந்து ஆட்கள் பூட்டானுக்கு வந்ததற்குக் கிடைக்கிற முதல் குறிப்பு இதுதான் என்கிறார்கள்.

மூன்றாவது, ஸ்தூபியின் உருவம். கிழக்கு பூட்டானில் 1740ல் கட்டிய சோர்டன் கோரா, காத்மாண்டுவின் பௌத்தநாத் ஸ்தூபியைப் பார்த்துச் செய்தது. அதைக் கட்டிய லாமா, மூல ஸ்தூபியின் அளவை ஒரு முள்ளங்கியில் செதுக்கி எடுத்து வந்தாராம். வரும் வழியில் முள்ளங்கி வாடிச் சுருங்கிவிட்டதால்தான் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இல்லை என்று ஊர்க்கதை. :)

கைடு சொல்கிற வரலாறு ஏறக்குறைய இங்கே முடிந்துவிடும். குரு வந்தார், கலை வந்தது, ஸ்தூபி வந்தது. ஆனால் ஸ்தூபிக்குப் பின்னால் மனிதர்களும் வந்தார்கள்.

நான்காவதாகப் போனவர்கள்

கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா 1768-69ல் மூன்று மல்ல அரசுகளையும் பிடித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கிழக்கே சிக்கிமுக்குள்ளும் நுழைந்தார்கள். ஆங்கிலேயரோடு நடந்த போரில் நேபாளம் தோற்று, 1816ல் சுகௌலி ஒப்பந்தம் வந்த பிறகு அந்த ஓட்டம் நின்றது. ராணுவம்தான் நின்றது, விவசாயி நிற்கவில்லை. மலையில் நிலம் குறைவு, வரி அதிகம். 1850களுக்குப் பிறகு டார்ஜிலிங்கில் தேயிலைத் தோட்டங்கள் முளைத்தபோது கிழக்கு நேபாளத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூலிக்கு வந்தார்கள். அங்கிருந்து சிக்கிம், அதற்கு அடுத்து தெற்கு பூட்டான்.

பூட்டானுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். 1864-65 போரில் பூட்டான் தன் அடிவாரச் சமவெளியான துவார் பகுதியை ஆங்கிலேயரிடம் இழந்தது. மிஞ்சிய தெற்கு மலைச்சரிவு அடர்ந்த காடு, மலேரியா பூமி. வடக்கே குளிரில் வாழ்ந்தவர்கள் அங்கே இறங்கிக் குடியிருக்கத் தயங்கினார்கள். நேபாளிகள் அந்தக் காட்டை வெட்டினார்கள், ஏலக்காயும் ஆரஞ்சும் பயிரிட்டார்கள், வரியைப் பணமாகவே கட்டினார்கள். இவர்களுக்குப் பின்னாளில் வந்த பெயர் 'லோட்சம்பா'. பூட்டானின் சோங்கா மொழியில் 'தெற்கத்தியர்' என்று பொருள்.

1958ல் பூட்டான் சட்டம் இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அதே வருஷம் நேரு பூட்டானுக்குப் போனபோது மோட்டார் ரோடே கிடையாது, குதிரையில் போனார். 1960களில் ரோடுகள் வந்தபோது அதற்கு உழைத்தவர்களில் நேபாளிகள் ஏராளம். வடக்கத்தியரும் தெற்கத்தியரும் கல்யாணம் செய்துகொண்டால் அரசு ஊக்கத்தொகைகூடக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை.

1974, 1975: திறந்த கதவும் வந்த பயமும்

சுற்றுலா விஷயத்தில் இரண்டு நாடுகளும் எதிரெதிர். நேபாளம் 1951ல் ராணா பிரபுக்களின் ஆட்சி முடிந்ததும் கதவைத் திறந்தது. 1953ல் எவரெஸ்ட் ஏறிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது, 1955ல் முதல் சுற்றுலாக் குழு வந்தது, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஹிப்பிகள் காத்மாண்டுவில் ஒரு தெருவையே நிறைத்துவிட்டார்கள்.

பூட்டான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. 1974ல் நான்காவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முடிசூடிய விழாவுக்கு வரும் விருந்தாளிகளுக்காக ஹோட்டல்கள் கட்டினார்கள். அதே ஹோட்டல்களை வைத்து அந்த வருஷமே கட்டணச் சுற்றுலாவும் தொடங்கியது. முதல் வருஷம் வந்தவர்கள் 287 பேர்! 'குறைந்த ஆட்கள், அதிகப் பணம்' என்ற கொள்கை இன்றும் தொடர்கிறது. வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் என்று 2022ல் வைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 2023ல் 100 டாலராகக் குறைத்தார்கள். இந்தியர்களுக்கு 1,200 ரூபாய்.

கதவு திறந்த மறு வருஷம்தான் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. அங்கே பெரும்பான்மையினர் நேபாளி மொழி பேசுபவர்கள், மன்னருக்கு எதிராகத் திரண்டவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1980களின் நடுவில் பக்கத்து டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து போராட்டம் வெடித்தது. சின்னஞ்சிறிய பூட்டானின் ஆட்சியாளர்கள் 'அடுத்தது நாமா?' என்று பயந்தார்கள். இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஒரு மொழியும் ஒரு மதமும் ஒரு ராஜ்ஜியமும் கண்ணெதிரே மறைவதைப் பார்த்தவர்களின் பயம் அது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

ஒரு வரி ரசீதின் கதை

1985ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. தாய் தந்தை இருவருமே பூட்டானியராக இருக்க வேண்டும். இல்லையென்றால் 1958 முடிவதற்குள் நாட்டில் இருந்ததைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். 1988ல் தெற்கே கணக்கெடுப்பு நடந்தது. 1958ஆம் வருஷத்து வரி ரசீதைக் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ரசீதை எத்தனை விவசாயி பத்திரப்படுத்தி வைத்திருப்பான்? நம் வீட்டில் யாரிடமாவது இருக்குமா? மக்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தில் கணவன் ஒரு வகை, மனைவி வேறு வகை என்று ஆனது.

1989ல் எல்லோரும் வடக்கத்திய உடையான கோ, கிரா அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த உடை நமக்குச் சுற்றுலாவில் போட்டோ எடுத்துக்கொள்ள அழகு. வெக்கையான தெற்கே, தனக்கென வேறு உடை உள்ளவனுக்கு அது அழகு அல்ல, உத்தரவு. அதே வருஷம் பள்ளிகளிலிருந்து நேபாளி மொழி நீக்கப்பட்டது. தெற்கத்தியரின் பிரதிநிதியாக மன்னரின் ஆலோசனைக் குழுவில் இருந்த டேக் நாத் ரிசால், இதையெல்லாம் மன்னருக்கு மனுவாக எழுதியவர். அவர் நேபாளத்துக்குப் போனார். நேபாள அரசு அவரைப் பிடித்து பூட்டானிடமே ஒப்படைத்தது! 1999 டிசம்பர் வரை சிறை.

1990ல் தெற்கே ஊர்வலங்கள் நடந்தன, சில இடங்களில் வன்முறையும் நடந்தது. ராணுவம் இறங்கியது, பள்ளிகள் மூடப்பட்டன, பலர் சிறை சென்றார்கள். 'நானாக விரும்பி வெளியேறுகிறேன்' என்ற படிவத்தில் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வெளியேறியவர்கள் சொல்கிறார்கள். பூட்டான் அரசோ, அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லது தாமாகப் போனவர்கள் என்றது. எப்படிச் சொன்னாலும், ஒரு லட்சம் பேர் அளவுக்குப் போய்விட்டார்கள். அன்றைய பூட்டானில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

எல்லை இல்லாத பக்கத்து நாடு என்று மேலே சொன்னேன் அல்லவா? அதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. அவர்கள் முதலில் கால் வைத்தது இந்திய மண்ணில். அங்கே தங்க வழியில்லாமல் லாரிகளில் மேச்சிப் பாலத்தைத் தாண்டி நேபாளத்தில் இறங்கினார்கள். முதலில் மாய் ஆற்றங்கரை மணலில் குடிசைகள், நோயில் பல குழந்தைகள் இறந்தன. பிறகு ஐ.நா. அகதிகள் அமைப்பு வந்தது. ஜாபா, மொராங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள், மூங்கிலும் ஓலையும் போட்ட வீடுகள்.

2008 என்ற விசித்திர வருஷம்

இரண்டு அரசுகளும் 1993லிருந்து பத்து வருஷம் பேசின. 2001ல் குதுனாபாரி முகாமில் மட்டும் ஆட்களைச் சரிபார்த்தார்கள், 2003ல் முடிவு வந்தது. சுமார் பன்னிரண்டாயிரம் பேரில் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவானவர்களே 'கட்டாயமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர்' என்றார்கள். எழுபது சதவீதம் பேர் 'தாமாகப் போனவர்கள்'. பேச்சு அத்தோடு நின்றது. நேபாளமும் இவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை. மொழி ஒன்றுதான், மதம் ஒன்றுதான், ஆனாலும் வெளியாள்.

இப்போது 2008ஐப் பாருங்கள். மார்ச்சில் பூட்டானில் முதல் பொதுத் தேர்தல். மன்னர் பரம்பரையே முன்வந்து அதிகாரத்தைப் பகிர்ந்தது என்று உலகம் பாராட்டியது, அது நியாயமான பாராட்டுதான். மே 28ல் நேபாளம் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசானது. அதே காலத்தில், 2007 கடைசியில் தொடங்கிய மறுகுடியேற்றத் திட்டத்தில் முகாம்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் விமானம் ஏறத் தொடங்கினார்கள். ஊருக்கு அல்ல, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என எட்டு நாடுகளுக்கு. 2015 நவம்பரில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. மொத்தம் 1,13,000க்கும் மேல். இரண்டு நாட்டிலும் ஜனநாயகம் மலர்ந்த வேளையில், ஜனநாயகம் கேட்டவர்கள் இரண்டு நாட்டிலும் இல்லாமல் போனார்கள்.

கதை முடிந்ததா என்றால் இல்லை. 2025ல் அமெரிக்கா இவர்களில் சிலரை பூட்டானுக்கு நாடு கடத்தியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளாமல் இந்திய எல்லைக்கு அனுப்பியது. சிலர் மறுபடி அதே மேச்சிப் பக்கம் வந்து, பழைய முகாமைத் தேடிப் போய், ஆவணம் இல்லாமல் நுழைந்ததற்காக நேபாளப் போலீசிடம் சிக்கினார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் தாத்தா போன அதே பாதை.

இடது ஜன்னல், வலது ஜன்னல்

காத்மாண்டுவிலிருந்து பாரோ போகும் விமானத்தில் இடது பக்க ஜன்னல் ஸீட் வாங்குங்கள் என்று எல்லாச் சுற்றுலாக் குறிப்பிலும் இருக்கும். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா எல்லாம் அந்தப் பக்கம்தான். அதே நேரத்தில் வலது பக்கம், தெற்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஜாபா சமவெளி இருக்கிறது. மிச்சமிருக்கும் முகாம்களில் இன்னும் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் ஒரு மணி நேரத்தில் பறந்து போகிற பாரோவுக்கு அவர்களால் போக முடியாது.

இதற்காக பூட்டானுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காடுகளைக் காத்த நாடு, 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்ற சிந்தனையை உலகுக்குக் கொடுத்த நாடு. அங்கே தெற்கில் இன்றும் லோட்சம்பாக்கள் குடிமக்களாக வாழ்கிறார்கள், அவர்களில் மந்திரி ஆனவர்களும் உண்டு. பூட்டான் கைடு அரசிடம் உரிமம் வாங்கிய ஆள். அவரை நடுரோட்டில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டுச் சங்கடப்படுத்துவதும் நியாயமில்லை.

ஆனால் தெரிந்துகொண்டு போகலாம். 2023 டிசம்பரில் பூட்டான் மன்னர், தெற்கே கெலெபு என்ற ஊரில் 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் ஒரு புதிய நகரம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அது சர்பாங் மாவட்டம், 1990களில் ஏராளமானோர் வெளியேறிய அதே தெற்கு வட்டாரம். உலக முதலீட்டாளர்களை அந்த மண்ணுக்கு அழைக்கிறார்கள். அதே மண்ணில் ஏலக்காய் போட்ட கிழவர் பென்சில்வேனியாவிலோ பெல்டாங்கி முகாமிலோ உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்தால் என்ன நினைப்பார்?

கலாசாரச் சுற்றுலா என்றால் ஸ்தூபி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது மட்டும் அல்ல, அந்த ஸ்தூபி வந்த வழியே வந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்பதுதான். சுருங்கிப்போன முள்ளங்கியின் கதையை இருநூற்றெண்பது வருஷமாக மறக்காமல் சொல்கிற ஊர், ஒரு லட்சம் பேரின் கதையையும் ஒருநாள் சொல்லும் என்று நம்புவோம். அதுவரை, போய் வருகிற நாமாவது தெரிந்து வைத்திருப்போம்.